அம்மா ஏறினால் எவ்வளவு இறங்கும்

ஷார்ஜா
8.6.2001

மகாவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுத் தொடங்க வேண்டும். இன்று முடியவில்லை.

நேற்று ஷிபுவுக்கு ஊரிலிருந்து அவன் தம்பியின் கடிதம் வந்தது. எங்கள் அறையில் எட்டுப் பேர். ஷிபு அதைச் சத்தமாக வாசித்தான். "உன் ரூம்ல இருக்கிற தமிழன் இசக்கியோட தங்கச்சி, மட்டாஞ்சேரி முழுக்க யெஸ்டி பைக் ஓட்டிட்டு நடக்குறா. நிறுத்துனா கால் எட்டாது. அதனால நிக்கிறதுக்கு முன்னாடி ரோட்டோரத்துல கல்லு தேடுறா." எட்டுப் பேரில் ஏழு பேர் சிரித்தார்கள்.

அந்த வண்டி எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். ஆக்கர் கடையில், பழைய இரும்புக்குள் எலும்புக்கூடாகக் கிடந்ததை இரண்டு வருஷம் ஒவ்வொரு போல்ட்டாகத் தேடிச் சேர்த்தேன். இங்கே வருவதற்கு முந்தின நாள் டேங்கைக் காலி செய்து, தார்ப்பாய் போட்டுக் கட்டி, சாவியை அம்மா கையில் கொடுத்தேன். உன் கையில் கொடுக்கவில்லை.

வண்டியைத் தாழ்த்தியும் விட்டாயாம். யார் கை வைத்தது? எந்த ஷாக் அப்சார்பர் போட்டான்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? மிளகுக் கிடங்கில் வேலை செய்கிறவளுக்கு எதற்கு இருநூற்றைம்பது சிசி வண்டி?

பதில் எழுதினால் தமிழில் எழுது. உன் தமிழ் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. மலையாளத்தில் வருகிற கடிதத்தை எனக்கு முன்னால் வாசிப்பதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இசக்கிராஜா


மட்டாஞ்சேரி
21.6.2001

அண்ணனுக்கு,

ஏழு பேர் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். இங்கே தெரு முழுக்கச் சிரிக்கிறது. நான் செத்துப் போகவில்லை.

வண்டியை எடுத்தது நான்தான். சாவியைக் கொடுத்தது அம்மாதான். நாலு அடி பத்து அங்குலத்தில் என்னைப் பெற்றதும் அவள்தான். கல் தேடினேன், உண்மை. அதனால்தான் பஜாரில் நாணு சேட்டன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

"மோளே, தாழ்த்தித் தாறேன். ஆனா நாட்டுக்காரங்க ஹைட்டு கூட்டச் சொல்லித்தான் வருவாங்க. நீ ஒருத்திதான் குறைக்கச் சொல்லி வந்திருக்க" என்றார்.

"எனக்கு ஹைட்டு கூட்டித்தர உங்களால ஆகுமா?"

"அது உன் அப்பன்கிட்ட கேட்டிருக்கணும்."

பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஏதோ சின்ன பைக்கிலிருந்து எடுத்த குட்டையான ஷாக் இரண்டை மாட்டினார். இப்போது இரண்டு பாதமும் தரையில் படுகிறது. தனியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. அம்மா பின்னால் ஏறினால், சின்னப் பள்ளத்துக்கே பின்டயர் மட்கார்டில் உரசுகிறது. ரப்பர் கருகுகிற வாசனை வருகிறது. சேட்டனிடம் சொன்னேன். "அப்போ பின்னாடி ஆளைக் கேற்றாதே" என்றார். ஆளை ஏற்றத்தானே நான் வண்டியை எடுத்தேன்.

செப்டம்பர் 19-ம் தேதி காலை பத்தரை மணிக்கு அம்மாவை எர்ணாகுளத்தில் ஒரு ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தவறினால் காரியம் கெட்டுவிடும். என்ன காரியம் என்று கேட்காதே. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: என் கால் தரையில் எட்டவும் வேண்டும், அம்மா பின்னால் உட்காரவும் வேண்டும். அதற்கு எந்த ஷாக் போட வேண்டும்? தெரிந்தால் எழுது. திட்டுவதற்கு என்றால் தபால் தலையை வீணாக்காதே.

மகா


ஷார்ஜா
3.7.2001

மகாவுக்கு,

நாணுவின் கையை உடைக்க வேண்டும். சின்ன பைக்கின் ஷாக் சின்ன பைக்கைத் தாங்கும். நூற்று நாற்பது கிலோ இரும்பையும் இரண்டு ஆட்களையும் எப்படித் தாங்கும்?

நன்றாகக் கேட்டுக்கொள். ஷாக்கின் நீளத்தைக் குறைத்தால் வண்டி தாழும். ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இருக்கிற இடமும் அதே அளவு போய்விடும். முன்பு நாலு அங்குலம் அமுங்கி எழுந்த சக்கரத்துக்கு இப்போது இரண்டரைதான் மிச்சம். அந்த இரண்டரைக்குள் இரண்டு பேரையும் கொச்சி ரோட்டையும் தாங்க வேண்டும். எனவே ஷாக் குட்டையாக ஆக, ஸ்பிரிங் கடினமாக வேண்டும். எவ்வளவு கடினம் என்பதைப் பின்னால் ஏறுகிறவரின் எடைதான் சொல்லும். ஓட்டுகிறவன் எடை இரண்டு சக்கரத்துக்கும் பிரிந்து போகும். பின்னால் உட்காருகிறவர் எடை கிட்டத்தட்ட முழுவதும் பின் ஸ்பிரிங்குக்கே வரும். நாணு உன்னை மட்டும் பார்த்து மாட்டியிருக்கிறான்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துத் தருகிறேன், நெருப்பில் காட்டி உட்கார வைத்துத் தருகிறேன் என்றெல்லாம் சொல்வான். விடாதே.

முதலில் என் பழைய ஷாக்கைத் திரும்ப மாட்டச் சொல். பிறகு பின்சக்கரத்தின் ஆக்சில் நட்டிலிருந்து மேலே சீட்டுக்குக் கீழே ஃப்ரேம் வரைக்கும் தையல் டேப்பால் அள. ஆள் இல்லாமல் ஒரு முறை. நீ மட்டும் ஏறி ஒரு முறை. அம்மாவும் ஏறி ஒரு முறை. உன் எடை, அம்மா எடை இரண்டையும் எழுது.

இதை எழுதுவதால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. உன்மேல் உள்ளது வேறு. அம்மா ஏறுகிற வண்டி வேறு.

ஒன்று எனக்குப் புரியவில்லை. எர்ணாகுளத்துக்கு என்றால் அம்மா போட்டில்தானே போவாள்? வீட்டிலிருந்து ஜெட்டிக்குப் பத்து நிமிஷம். போட்டு இருக்கும்போது பைக் எதற்கு?

இசக்கி


மட்டாஞ்சேரி
17.7.2001

அண்ணனுக்கு,

நீ கேட்டது அளவு. அளவை மட்டும் எழுதுகிறேன்.

பழைய ஷாக்கைத் திரும்ப மாட்டினார். மழையில் நனைந்துகொண்டே அளந்தோம். டேப்பை நாணு சேட்டன் பிடித்தார். ஆள் இல்லாமல் இருந்ததைவிட, நான் ஏறினால் அரை அங்குலம் இறங்குகிறது. அம்மாவும் ஏறினால் அதற்குமேல் ஒரு அங்குலம். இரண்டு முறை பார்த்தோம். மாற்றமில்லை.

என் எடை 44. அம்மா எடை 62.

போட்டு அம்மாவுக்குச் சரிப்படாது.

செப்டம்பர் 19-க்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. உன் கடிதம் வர பத்து நாள், என்னுடையது போக பத்து நாள். கணக்குப் பார்த்துக்கொண்டு எழுது.

மகா


ஷார்ஜா
30.7.2001

மகா,

என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

உன் கடிதம் வந்த அன்றே வேலை முடிந்து ஸ்கிராப் யார்டுக்கு ஓடினேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் இரும்புக் குவியலுக்குள் ஒரு மணி நேரம் கிடந்து, அறுபத்திரண்டு கிலோ அம்மாவுக்கு ஏற்ற மாதிரி ஒரு ஜோடி எடுத்தேன். அறைக்கு வந்து உன் அளவை மறுபடி வாசித்தபோதுதான் உறைத்தது.

பழைய ஷாக்கை நான் 98-ல் போட்டேன். அம்மாவை ஏற்றி உட்கார வைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் அந்த ஸ்பிரிங்கை வைத்தேன். ஆக்சிலுக்கு நேர் மேலே ஃப்ரேமில் உளியால் இரண்டு கோடு கீறியிருக்கிறேன். பெயின்டைச் சுரண்டிப் பார், தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம். அது அம்மா. அந்த வண்டியில் அம்மா என்றால் ஒன்றரை அங்குலம்.

நீ ஒன்று என்று எழுதியிருக்கிறாய். வருஷம் போனால் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் கூடுதலாகத்தான் இறங்கும், குறையாது. அதே ஸ்பிரிங் ஒரு அங்குலம் இறங்கினால் ஏறிய ஆள் நாற்பது, நாற்பத்தொரு கிலோ. அது அம்மா இல்லை.

பின்னால் யாரை ஏற்றினாய்? யாரோடு சுற்றுவதற்கு என் வண்டியைத் தாழ்த்துகிறாய்? ஆபீஸ், தேதி, பத்தரை மணி எல்லாம் எனக்குச் சொன்ன கதையா? அம்மா பேரைச் சொன்னால் இவன் ஷாக் அனுப்புவான் என்று நினைத்தாயா?

உண்மையை எழுது. அதுவரைக்கும் ஒரு நட்டுகூட அனுப்ப மாட்டேன்.

இசக்கிராஜா


மட்டாஞ்சேரி
12.8.2001

அண்ணனுக்கு,

பெயின்டைச் சுரண்டினேன். இரண்டு கோடும் இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. என்னைப் பற்றி நீ எழுதியதற்கு வேறொரு நாள் பதில் சொல்வேன். இப்போது நேரமில்லை.

அன்று ஏறியது அம்மாதான். அம்மா இப்போது 41 கிலோ. அம்மாவுக்கு இடதுகால் இல்லை. முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். டிசம்பர் பதினொன்று.

நவம்பரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய ஓடையில் இறக்கியிருந்தார்கள். காண்ட்ராக்டர் வேலை. பூட்ஸ் கேட்டதற்கு, "காளியம்மா, நீங்களெல்லாம் பழகின ஆளுங்கதானே, உங்க காலுக்கு என்ன பூட்ஸு" என்று சிரித்தானாம். உடைந்த பாட்டில் ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் அதே ஓடையில் நின்றாள். நிற்காவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவான். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எங்களுக்கே தெரியும். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முட்டிக்கு மேலே.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியது அவள். "அவன் அறிஞ்சா அடுத்த பிளைட்டு புடிச்சு வந்துருவான். வந்து என்ன செய்வான்? அந்தக் காண்ட்ராக்டர்கிட்டயே போயி ஓடையில இறங்குவான். நான் கால் குடுத்தது அதுக்கா?" என்றாள். ஷிபுவின் தம்பிக்கு ரோட்டில் போகிற என்னைத் தெரியும், காலனிக்குள் கிடக்கிற அம்மாவைத் தெரியாது. நீ ஐ.எஸ்.டி.யில் கூப்பிடுகிற போதெல்லாம் மூக்கம்மாள் கடை வரைக்கும் நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். நீ "என்னம்மா மூச்சு வாங்குது" என்று கேட்டாய். "ஓடி வந்தேன்டா" என்றாள். ஞாபகம் இருக்கிறதா?

எர்ணாகுளம் லேபர் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டுப் புகார் கொடுத்தோம். அந்த ஓடையில் காளியம்மாள் என்று யாரையும் நான் வேலைக்கு வைக்கவே இல்லை என்று காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டு பக்கத்தையும் நேரில் விசாரிக்க வேண்டும் என்று ஆபீஸில் தேதி போட்டார்கள்.

முதல் தேதி ஏப்ரலில். ஆட்டோக்கார சஜியை வரச் சொல்லியிருந்தேன். வந்தான். காலில் இருந்த கட்டைப் பார்த்தான். "சேச்சி, சீட்டு புதுசா தைச்சது. நாத்தம் பிடிச்சா வேற ஆளு கேறாது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். காலனி முக்கில் வேறு ஆட்டோ எதுவும் நிற்காது. அது உனக்கும் தெரியும்.

இரண்டாவது தேதி மே 4. நீ சொல்கிற ஜெட்டிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். அலையில் போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் அதில் தாவ முடியுமா? இரண்டு பேர் கை நீட்டினார்கள். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். மணி அடித்துப் போட்டை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் காண்ட்ராக்டர் வந்து, ஆளைக் காணோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இனி ஒரு தடவை வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்களாம்.

அதனால்தான் வண்டி. அம்மாவால் ஒரு பக்கமாக உட்கார முடியாது, வழுக்குகிறாள். ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் போட்டுத்தான் உட்காருகிறாள். வலதுகால் ஃபுட்ரெஸ்ட்டில். இடதுபக்கம் ஊன்ற ஒன்றும் இல்லை. வண்டி சாய்ந்தால் அவளால் தாங்க முடியாது. அதனால் என் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படவேண்டும். இப்போது புரிகிறதா யாரோடு சுற்றுகிறேன் என்று?

62 என்று பொய் எழுதியது நான்தான். பழைய எடையையே எழுதினால் நீ ஒன்றும் கேட்க மாட்டாய் என்று நினைத்தேன்.

வலதுபக்கம் பாரம் கூடுவதால், வலது ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக வைத்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்திருக்கிறேன்.

மகா


ஷார்ஜா
24.8.2001

மகா,

எட்டு மாதம். இரண்டு பேரும் சேர்ந்து எட்டு மாதம் என்னைச் செத்தவனாக வைத்திருந்தீர்கள். பிணத்துக்குத்தான் வீட்டுச் சேதி சொல்ல மாட்டார்கள்.

முதலாளியிடம் போய் பாஸ்போர்ட் கேட்டேன். அம்மாவுக்குக் கால் போய்விட்டது என்றேன். "டிசம்பரில் போன காலுக்கு ஆகஸ்டில் லீவா?" என்று கேட்டான். அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு ஸ்பேனரை எடுத்தேன். ஷிபு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். உனக்கு அங்கே ஒரு காண்ட்ராக்டர். எனக்கு இங்கே ஒரு முதலாளி. நான் வரவில்லை. அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு என்று நினைக்காதே. விடவில்லை, அவ்வளவுதான்.

உன்னைப் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஆனால் நீ எழுதிய 62-ஐயும் நான் மன்னிக்க மாட்டேன். அந்த ஜோடியை அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? அறுபத்திரண்டு கிலோவுக்கான ஸ்பிரிங்கில் நாற்பத்தொரு கிலோ உட்கார்ந்தால் அமுங்காது, உதைக்கும். இரண்டு காலும் ஊன்றியவர் சமாளிப்பார். ஒற்றைக் கால் ஊன்றியவர் தோப்பும்படி பாலம் ஏறுகிற இடத்தில் சீட்டை விட்டுப் பறப்பார். மெலிந்த ஸ்பிரிங் என்றால் டயர் தட்டும். கடினமானது என்றால் அம்மா விழுவாள்.

அதை யார்டிலேயே வீசிவிட்டு வேறு ஜோடி எடுத்தேன். பழையது பதின்மூன்று அங்குலம், இது பதினொன்றரை. 44, 41 என்று ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, அதே எடையில் என் வேலைப் பெஞ்சில் இரும்புக் கட்டிகளை ஏற்றிப் பார்த்தேன். முக்கால் அங்குலம் இறங்குகிறது. போதும். ஷிபு லீவில் வருகிறான். செப்டம்பர் 7-ம் தேதி கையில் கிடைக்கும்.

வலது ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக வைப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, நீ எனக்குத் தங்கச்சியா? இரண்டு பக்கமும் ஒரே கட்டத்தில்தான் இருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே திருகுகிற வளையத்தில் ஐந்து கட்டம் இருக்கும், கட்டம் கூடக் கூட ஸ்பிரிங் இறுகும். நீ தனியாகப் போனால் இரண்டும் ஒன்றில். அம்மா ஏறினால் இரண்டும் மூன்றில். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கை முறுக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி உன் பேச்சைக் கேட்காது. பாரம் ஒரு பக்கம் போவதற்கு மருந்து ஸ்பிரிங் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு பிடிதான். இடதுபக்கம் சீட்டுக்குக் கீழே ஒரு வளையம் வெல்டு பண்ணச் சொல். அம்மாவின் கைக்கு அளவு பார்த்துப் பண்ணச் சொல்.

முன் ஃபோர்க்கையும் கிளாம்புக்குள் ஒரு அங்குலம் மேலே தள்ளி, முன்பக்கத்தையும் தாழ்த்த வேண்டும். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் அம்மா பின்னால் சரிவாள். சைடு ஸ்டாண்டை அறுத்துக் குட்டையாக்கு. மறந்தால் நிறுத்திய இடத்தில் வண்டி மறுபக்கம் சாயும்.

நாணுவிடம் சொல். கோணலாக மாட்டினால் நான் வரும்போது அவன் ஒர்க்‌ஷாப் இருக்காது.

இசக்கி


மட்டாஞ்சேரி
20.9.2001

அண்ணனுக்கு,

ஷிபு கொண்டுவந்து தந்தான். துணிக்குள் சுற்றியிருந்ததை ஏர்போர்ட்டில் பிரித்து, குண்டா என்று கேட்டார்களாம். அவனே மாட்டவும் உதவினான். சிரித்ததற்கு இப்படித்தான் ஈடு செய்ய முடியும் என்றான். ஸ்பேனரை நீட்டினேன்.

நாணு சேட்டனுக்கு உன் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். "இவன் ஷார்ஜாவுல இருந்தே ஒர்க்‌ஷாப் இடிப்பானா?" என்றார். ஆனால் ஒவ்வொரு நட்டையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்தார். வளையத்துக்கு அம்மாவின் கையைப் பிடித்து வைத்து அளவு எடுத்தார்.

நேற்றுக் காலை எட்டரைக்குக் கிளம்பினோம். இரண்டும் மூன்றாம் கட்டத்தில். ஸ்டூல் போட்டு ஏறினாள். ஆட்டோ ஸ்டாண்டில் சஜி நின்றிருந்தான். அம்மா என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். என் இரண்டு பாதமும் தரையில் இருந்தது. "சஜி, சீட்டு நல்லா இருக்கா?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போ" என்று என்னிடம் சொன்னாள்.

தோப்பும்படி பாலத்தில் அம்மா ஒருமுறை துள்ளினாள், விழவில்லை. தேவரா தாண்டி மழை பிடித்தது. பத்தே காலுக்கு ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். டயர் எங்கேயும் தட்டவில்லை.

குமாஸ்தா பெயர் கூப்பிட்டார். "காளியம்மாள் வந்நோ?" என்று ஃபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வரவில்லை என்று எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"வந்திருக்கேன் சாரே. எழுதிக்கோங்க" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு காண்ட்ராக்டர் பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்.

அவன் வரவில்லை. அம்மாவால் வர முடியாத இரண்டு தேதிக்கும் வெள்ளை வேட்டி கட்டி வந்தவன், அவள் வந்த அன்று வரவில்லை. உடம்புக்குச் சுகமில்லை என்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தான். அது செல்லுமாம். அக்டோபர் 23-க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த மேசையைப் புரட்ட வேண்டும் போல இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு நம்ம வண்டியைத் தெரியாது. தெரிஞ்சா எத்தனை சீட்டு அனுப்புவான்?" என்றாள்.

வெளியே வந்து ஸ்டூல் இல்லாமல் ஏற்றினேன். வண்டி தாழ்ந்திருப்பதால் முடிந்தது.

23-ம் தேதி போவோம். அவன் அன்றும் வராவிட்டால் அதற்கடுத்த தேதிக்குப் போவோம்.

அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னது: வண்டி நன்றாக இருக்கிறது, சீட்டு கல் மாதிரி இருக்கிறது. நீ எழுதிய கடிதங்களை எல்லாம் நேற்று ராத்திரி வாசித்துக் காட்டினேன். ஜூலைக் கடைசியில் நீ எழுதிய கடிதம் ஒன்றைத் தவிர. அதற்கான பதிலை நேரில் சொல்ல வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் ரேஷன் கடைத் தராசில் அம்மாவை உட்கார வைத்து எடை பார்த்தேன். 42 கிலோ. இந்த முறை உண்மை. கட்டத்தை மாற்ற வேண்டுமா என்று எழுது.

மகா